கூட ஓர் ஆள் இருந்தால்

மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூடும் எந்தக் கூட்டத்திலும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும்: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் வீடு நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. "எனக்கு முன்னாடி அவன் போய்ச் சேர்ந்துடணும்" என்று அந்தத் தாய் வேண்டிக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஒருத்தி சாமியிடம் கேட்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறாள். நாமோ அதைத் தாய்ப்பாசத்தின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அவள் கேள்விக்கு நம் சமூகம் இதுவரை வைத்திருக்கும் பதில்கள் இரண்டு. ஒன்று, கூடப்பிறந்தவர்கள், பெரும்பாலும் அக்காவோ தங்கையோ, சில வீடுகளில் வந்து வாழும் அண்ணியோ. இன்னொன்று, ஊருக்கு ஒதுக்குப்புறமாக மதில் சுவருக்குள் இருக்கும் ஏதாவது ஓர் இல்லம். இரண்டிலுமே சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழகிய ஊரில், தான் விரும்பிய வீட்டில், தேவையான நேரத்தில் உதவியாளர் ஒருவர் வந்து போக, தன் நாளைத் தானே தீர்மானித்து வாழ்வது. சில நாடுகளில் அது அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கிறது. இந்தியச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அது எதுவரை வந்திருக்கிறது, எங்கே தடுக்கி நிற்கிறது என்பதையே இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்த வழியின் கதையை வழக்கமாக அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து தொடங்குவார்கள். எட் ராபர்ட்ஸுக்குப் 14 வயதில் போலியோ வந்தது. கழுத்துக்குக் கீழே உடல் அசையாது; மூச்சு விடுவதற்கே இரும்பு நுரையீரல் எனப்படும் பெரிய எந்திரம் வேண்டும். 1962இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, அந்த எந்திரம் நுழையும் விடுதி அறை வளாகத்தில் இல்லை. வளாக மருத்துவமனையின் ஒரு வார்டில் தங்கிப் படித்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1972இல் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் ஒரு மையம் அந்த ஊரில் உருவானது. அந்த மையம் செய்தது மிக எளிய வேலைகள்தான்: நம்பகமான உதவியாளர்களின் பட்டியல் வைத்திருப்பது, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது, படி இல்லாத வாடகை வீடு தேடிக் கொடுப்பது. ஆள், வண்டி, வீடு. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் எந்த ஊரிலும் பிரச்சினை இந்த மூன்றில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

யாருடைய உதவியும் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதைச் சுதந்திர வாழ்வு என்று அவர்கள் கருதவில்லை. இரண்டு மணி நேரம் போராடித் தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, களைத்துப்போய் நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கிறார் ஒருவர். உதவியாளர் போட்டுவிட, கால் மணி நேரத்தில் தயாராகி வேலைக்குப் போகிறார் இன்னொருவர். இரண்டாமவரே சுதந்திரமாக வாழ்கிறார் என்பது அந்த இயக்கத்தார் அடிக்கடி சொல்லும் உதாரணம். நம் மறுவாழ்வு மையங்களில் பலவும் இன்றுவரை முதலாமவரை உருவாக்குவதையே வெற்றி என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவைவிட ஜப்பானின் கதையே நம் நிலைமைக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. 1970இல் யோகோஹாமா நகரில் ஒரு தாய், மூளை முடக்குவாதம் உள்ள தன் இரண்டு வயது மகளைக் கொன்றுவிட்டார். வளர்க்க வசதியில்லாத தாய், பாவம், அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று ஊரே கையெழுத்து வாங்கியது. அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மூளை முடக்குவாதம் உள்ளவர்களே. 'அவோய் ஷிபா' என்பது அவர்கள் அமைப்பின் பெயர். கொன்றவர்மீது இவ்வளவு இரக்கம் காட்டும் ஊருக்குக் கொல்லப்பட்ட குழந்தை ஓர் உயிராகவே படவில்லையா என்று அவர்கள் கேட்டார்கள். பெற்றோரின் அன்பு என்ற பெயரால் எங்கள் உயிரின் மதிப்பை நீங்கள் முடிவு செய்யாதீர்கள் என்றார்கள். 1977 ஏப்ரலில் அதே அமைப்பினர் கவாசாகி நகரில் சக்கர நாற்காலிகளோடு பேருந்துகளில் ஏறி இறங்க மறுத்தார்கள்; துணைக்கு ஆள் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று பேருந்து நிறுவனங்கள் சொன்னதற்கு அது பதில். அதே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரத்துக்கும் மேலாக உட்கார்ந்து, பாகுபாட்டைத் தடுக்கும் சட்ட விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். கடலுக்கு இரு கரைகளிலும் ஒரே கோபம்.

நிர்வாக முறையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்வீடனுக்குப் போக வேண்டும். போலியோவால் பாதிக்கப்பட்டு ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த அடால்ஃப் ராட்ஸ்கா, அமெரிக்காவில் படித்துவிட்டு ஸ்வீடனில் குடியேறினார். 1984இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து உதவியாளர்களை வேலைக்கு வைக்கும் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த முறை 1994இல் நாட்டின் சட்டமானது. ஒருவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உதவி தேவை என்று கணக்கிட்டு, அந்த மணி நேரங்களுக்கான பணத்தை அரசு அவர் பெயரிலேயே ஒதுக்குகிறது. யாரை வேலைக்கு வைப்பது, எப்போது வரச் சொல்வது, பிடிக்காவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பெரிய இல்லங்களை 1999 முடிவுக்குள் மூட வேண்டும் என்றும் அங்கே சட்டம் வந்தது. அண்மைக் காலத்தில் செலவைக் காரணம் காட்டி அந்த மணி நேரங்களை அரசு சுருக்கி வருகிறது, அதற்கு எதிராகப் போராட்டங்களும் நடக்கின்றன. ஆனாலும் அவர்கள் வாதாடுவது மணி நேரத்தின் அளவு பற்றி. நாம் இன்னும் மணி நேரம் என்ற கணக்கையே தொடங்கவில்லை.

2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, சமூகத்தில் சுதந்திரமாக வாழ்வதை உரிமை என்கிறது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை உறுதி செய்தது. அதன் வழியே வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக விரித்தது. அதன் 5ஆவது பிரிவு, எந்த ஒரு குறிப்பிட்ட இடத்திலும் வாழும்படி மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வீட்டிலேயே கிடைக்கும் உதவியும் தனி உதவியாளரும் உட்பட ஆதரவுச் சேவைகள் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. 38ஆவது பிரிவின்படி, அதிக ஆதரவு தேவைப்படுபவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் 19ஆவது பிரிவு. ஏட்டில் குறையே இல்லை.

நாட்டில் யார், எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் 11.8 லட்சம். குறைபாட்டு வகைகளை விரிப்பதற்கு முன் எடுத்த கணக்கு என்பதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நாட்டளவில் நூற்றுக்கு 69 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். ஆகவே பெர்க்லியையோ ஸ்டாக்ஹோமையோ அப்படியே எடுத்து வந்து தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வைத்துவிட முடியாது.

தென்காசி என்றதும் ஆய்க்குடியைச் சொல்லாமல் போக முடியாது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பி, 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னால் அவரோடு சேர்ந்தார். வருகிறவர்களை வளாகத்துக்குள் கூட்டி வைப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பணியாளர்களை அனுப்பி, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, தாய்மாருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்த மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்க முன்னின்றார். திருவண்ணாமலையில் முன்னாள் கிரிக்கெட் வீராங்கனை பிரீத்தி சீனிவாசன் தொடங்கிய 'சோல்ஃப்ரீ', தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே இயங்குகிறது. இந்த நான்கு பேருமே அந்தப் பாதிப்பைத் தம் உடலில் அறிந்தவர்கள். வெளியிலிருந்து இரக்கப்பட்டு வந்தவர் எவருக்கும் இந்தத் தெளிவு அவ்வளவு எளிதில் வாய்த்ததில்லை.

கழுத்துத் தண்டுவடம் முறிந்த ஒருவரின் காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும். தவறினால் உணர்ச்சியற்ற தோலில் படுக்கைப் புண் வரும், அது எலும்பு வரை குழி தோண்டும். விடிந்ததும் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். மலம் கழிப்பதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். துடைத்து, உடை மாற்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே அவருக்கு நாள் தொடங்குகிறது. அவர் ஆசிரியராகவோ கணினியில் வேலை செய்பவராகவோ இருக்கலாம். எட்டரைக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தால் மாலை வரை வேலை செய்யும் திறன் அவருக்கு உண்டு. ஆனால் மனைவி களத்து வேலைக்குப் போக வேண்டியிருந்தால் அவர் பதினொன்றரை வரை படுக்கையில்தான் காத்திருக்க வேண்டும். வெளியே போகும் நாளில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் இவர்களிடம் பரவலாக இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு அது நேர்வழி. அவரை அடைத்து வைத்திருப்பது முறிந்த தண்டுவடம் மட்டுமல்ல. காலை மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள் இல்லாதது.

அந்த ஆளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 80 விழுக்காடு பாதிப்புள்ள வறியவர்களுக்கு, மாதம் 300 ரூபாய். 2012இலிருந்து அந்தத் தொகை அசையவில்லை. தமிழ்நாடு அரசு கடும் பாதிப்புள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச் சிதைவு நோயாளிகள், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் போன்ற பிரிவினருக்குக் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். அதிக ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென 1,000 ரூபாய் கொடுக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அப்படியொரு தலைப்பே முன்பு இருந்ததில்லை என்பதால் அதை வரவேற்க வேண்டும். ஆனால் சென்னையில் பகல் 12 மணி நேரத்துக்கு ஒருவரை நிறுவனம் வழியாக வைத்தால் மாதம் 15,000 ரூபாயைத் தாண்டிவிடும். பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாயும், முற்றிலும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு 15,000 ரூபாயும் கொடுக்கிறார்கள். அந்த அளவையாவது இங்கே கொடுங்கள் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் மறியல் செய்து கைதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

பணத்தை உயர்த்திவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் தொகை வீட்டுச் செலவோடு கரைந்துவிடும், அம்மாவின் வேலை அப்படியே இருக்கும். 15,000 ரூபாய் கையில் இருந்தாலும் ஒரு கிராமத்தில் குழாய் மாற்றத் தெரிந்த, புண் வராமல் புரட்டத் தெரிந்த, மரியாதையாகப் பேசத் தெரிந்த ஓர் ஆளை எங்கே தேடுவது? அப்படியொரு வேலையே அங்கே இல்லையே. உதவியாளர் என்பதை ஒரு தொழிலாக, கூலியும் பயிற்சியும் விடுப்பும் உள்ள தொழிலாக உருவாக்குவதே முதல் வேலை.

அடுத்தது வீடு. வாசலில் ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி; ஆக 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் அத்தனை நீளம் போனால் எதிர்வீட்டு வாசலைத் தொட்டுவிடும். ஆகவே செங்குத்தாக ஒரு சறுக்கலைக் கட்டிவிட்டு, அதில் ஏற நான்கு பேரைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே நிலைப்படி. கொல்லைப்புறத்தில், இன்னும் இரண்டு படி இறங்கி, கழிப்பறை. சக்கர நாற்காலி நுழையாத அகலத்தில் அதன் கதவு. அரசு வீட்டு வசதித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிக்கு வீடு ஒதுக்குகிறார்கள், ஆனால் வீட்டின் வரைபடம் எல்லோருக்கும் ஒன்றே. அஸ்திவாரம் போடும்போதே நிலைப்படியைத் தவிர்த்து, கழிப்பறைக் கதவைச் சற்று அகலமாக வைக்க ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். கட்டி முடித்த பிறகு உடைத்துக் கட்டுவதற்குத்தான் பணம் வேண்டும். வாடகைக்குத் தேடும்போது வேறொரு தடை. காலில்லாதவருக்குத் தனியாக வீடு கொடுத்தால் நாளைக்கு ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பா என்று கேட்காத வீட்டுக்காரர் குறைவு.

வீதிக்கு வந்தால் நிலைமை ஓரளவு நம்பிக்கை தருகிறது, அதுவும் வழக்காடிப் பெற்ற நம்பிக்கை. சென்னை மாநகரப் பேருந்துகள் தாழ்தளமாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்த பிறகே 2024 ஆகஸ்டில் அவை சாலைக்கு வந்தன. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று, ரஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் அலை வரை போகும் மரப்பாதை திறந்தபோது, அதே நகரத்தில் வாழ்நாளெல்லாம் இருந்தும் கடல்நீரில் கால் படாதவர்கள் முதன்முறையாக அதைத் தொட்டார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைச் சிதைத்தது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். சென்னை ஐஐடியில் உருவான 'நியோபோல்ட்', சக்கர நாற்காலியோடு இணைத்தால் அதையே சாலையில் ஓடும் மின்வண்டியாக மாற்றிவிடுகிறது. அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரோ கிராமத்துப் பெண்கள் பலருக்கு வேலையும் கல்லூரியும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆள், வண்டி, வீடு என்ற மூன்றில் தமிழ்நாடு வண்டியில் முன்னேறியிருக்கிறது. காரணம் எளிது: வண்டியை மேடை போட்டு ஒரே நாளில் வழங்கிவிடலாம். ஆள் தினமும் வர வேண்டும்.

மதில் சுவருக்குள் இருப்பவர்களை இனிப் பேச வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 2017இன் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. ஆனால் அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டது கொடுமைக்காரக் குடும்பங்கள் மட்டுமல்ல. பக்கத்தில் மருந்து கிடைக்காத, பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத, கூலிக்குப் போனால்தான் சோறு என்றிருந்த குடும்பங்களே பெரும்பாலும். கட்டடத்தை மூடுவது எளிது, அந்தக் குடும்பங்களின் பகல் நேரத்தை நிரப்புவதே கடினமான வேலை.

அதற்கு ஒரு விடை சென்னையிலேயே இருக்கிறது. வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, குணமாகியும் திரும்பிப்போக வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்காக 2015இல் 'ஹோம் எகெய்ன்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். தங்களுக்குள் ஒத்துப்போகும் நான்கைந்து பேர் அதில் குடியேறுகிறார்கள். தேவைக்கேற்ப ஓர் உதவியாளர், பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெண்ணே, கூட இருக்கிறார் அல்லது வந்து போகிறார். இன்றைக்கு என்ன குழம்பு, தொலைக்காட்சியில் எந்தச் சேனல், யார் கடைக்குப் போவது, பொங்கலுக்கு என்ன நிறத்தில் புடவை என்று ஒவ்வொன்றையும் அவர்களே பேசி, சண்டை போட்டு, முடிவு செய்கிறார்கள். சிலர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் போவதில்லை, வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவர்கள் உரிமைதான். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் உலகின் சிறந்த முன்மாதிரிகளில் ஒன்றாக இது இடம்பெற்றது. இப்போது பிற மாநிலங்களிலும் நடக்கிறது. பெரிய மருத்துவமனை வார்டில் இருபது ஆண்டு கிடந்தவருக்கு, இனி எதுவும் செய்ய இயலாது என்று கோப்பில் எழுதப்பட்டவருக்கு, அலமாரிச் சாவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் என்னவெல்லாம் செய்ய இயலும் என்பதை இந்த வீடுகள் காட்டிவிட்டன.

முடிவெடுக்கும் உரிமை பற்றிய குழப்பம் நம்மிடம் இன்னும் தீரவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்கிறது. 2016இன் சட்டமோ, மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்க்குரிய அதே சட்டத் தகுதி உண்டு, தேவையான இடத்தில் மட்டும் அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் போதும் என்கிறது. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருக்கின்றன. வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கப் போகும் மூளை முடக்குவாதம் உள்ள பட்டதாரியிடம், பேச்சு தெளிவாக இல்லை என்பதற்காகப் பாதுகாவலர் சான்றிதழ் கேட்கிறார்கள். தன் பெயருக்கு வரும் உதவித்தொகையைத் தானே எடுக்க முடியாதவரால் உதவியாளரை எப்படி வேலைக்கு வைக்க முடியும்? பெண்களுக்கு இது இன்னும் கடுமை. 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் கருவை அவர் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கூட வரும் உதவியாளர் ஆணா பெண்ணா, எப்போது அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை அவளே சொல்ல முடியாத ஏற்பாடு, அவளுக்கு ஆபத்தான ஏற்பாடு.

குடும்பம் என்ற வலுவான அமைப்பு நம்மிடம் இருக்கும்போது மேலை நாட்டுத் தனி வாழ்க்கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் குடும்பத்தை விட்டு வெளியேறு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அம்மா அம்மாவாக இருக்கட்டும். முப்பது ஆண்டுகள் விடுப்பில்லாத, கூலியில்லாத செவிலியாக அவளை ஆக்கிவிட்டு அதைப் பண்பாடு என்று சொல்ல வேண்டாம். தம்பிக்கு அண்ணன்மேல் உள்ள பாசம், அண்ணனைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்லும் கட்டாயத்தால் கசந்துபோன வீடுகள் எத்தனையோ. உதவியாளர் வரும் வீட்டில் உறவு மீளும். செலவு பற்றிய கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. அந்தச் செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது: படிப்பை நிறுத்திய தங்கையின் கணக்கிலும், முதுகு போன தாயின் கணக்கிலும். அரசின் ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் கட்டமைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் மருந்தோடு வீடு தேடிப் போகிறார்கள். இயன்முறை மருத்துவரும் வலிதணிப்புச் செவிலியரும் கூடப் போகிறார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு சுமார் 1,700 கோடி ரூபாயில் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் முன்களப் பணியாளர்கள் வீடு வீடாக மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. யார், எந்தத் தெருவில், என்ன பாதிப்போடு இருக்கிறார் என்ற விவரம் முதன்முறையாக அரசின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க சட்டமன்றத்தில் மசோதா வந்தது.

அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: ஒரு நாளைக்கு இவருக்கு எத்தனை மணி நேரம் ஆள் உதவி தேவை? அதற்கான பதிலை அவரிடமே கேட்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஒன்று என்று உதவியாளர் குழு அமைத்து, உள்ளூர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தூக்குவது, புரட்டுவது, குழாய் மாற்றுவது, பேச்சு தெளிவில்லாதவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது ஆகியவற்றில் பயிற்சி கொடுத்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் மாதச் சம்பளம் போட வேண்டும். யார் வர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் உதவி பெறுபவரிடம் இருக்க வேண்டும். பயிற்சி கொடுப்பவர்களில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும். தன்னை எப்படித் தூக்க வேண்டும் என்பது தூக்கப்படுகிறவருக்குத்தானே தெரியும். ஒரு மாவட்டத்தில், அதிக ஆதரவு தேவைப்படுவோரிடமிருந்து, காலை மூன்று மணி நேரத்தோடு இதைத் தொடங்கலாம். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்க முடியும்.